அடுப்பில் பிழையில்லை என்றாலும் போத்தலைப் பாருங்கள்

கேள்வி: உகந்தையிலிருந்து கதிர்காமத்துக்கு இரு நண்பர்களுடன் நடந்து போகப் போகிறேன். பாரம் குறையட்டும் என்று இரண்டு சோடாப் பேணிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி ஸ்பிரிட் அடுப்பொன்று செய்தேன். முதல் நாள் நன்றாக எரிந்தது. இப்போது துளைகளால் எரியாமல் பக்கத்தால் தீ வருகிறது. எப்படித் திருத்துவது?
வாசகர், சாவகச்சேரி

பதில்: திருத்த வேண்டாம், எறிந்துவிடுங்கள். இந்த அடுப்பில் ஸ்பிரிட் (எதனோல் என்ற மதுசாரம்) சூடேறி ஆவியாகி, விளிம்பிலுள்ள ஊசித் துளைகளால் சீறி எரிகிறது. சோடாப் பேணியின் தகடு தடித்த கடதாசி அளவுதான். செருகும்போது மயிரிழை அளவு கிழிந்தாலும் ஆவி அந்தக் கிழிசலால் வெளியேறி அங்கேயே எரியும். பசை பூசி அடைத்தால் பசையும் எரியும்.

சிறிய மீன் பேணி ஒன்றை எடுங்கள். மேல்மூடியை முழுவதும் வெட்டி, கூர்விளிம்பை மண்தாளால் தேய்த்துவிடுங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே சுற்றிவர 6 மில்லிமீற்றர் துளைகளை விரலகல இடைவெளியில் இடுங்கள். அவ்வளவுதான். ஸ்பிரிட்டை ஊற்றிக் கொளுத்தி அரை நிமிடமாவது பொறுங்கள். தீ நன்றாக எழும்பிய பிறகே பாத்திரத்தை நேரே பேணியின் மேல் வையுங்கள். அவசரப்பட்டு வைத்தால் மூச்சுத் திணறி அணைந்துவிடும். பாத்திரம் பேணியைவிட நன்றாக அகலமாக இருக்க வேண்டும். ஒடுங்கிய பாத்திரமானால் தீ அதன் பக்கத்தால் ஏறி வீணாகும். காற்றுக்கு மறைப்பாக அலுமினியத் தாளை மடித்து நிறுத்துங்கள், அடியில் காற்றுப் புக வழி விட்டு.

அரை லீற்றர் தண்ணீர் கொதிக்க ஏறத்தாழ 20 மில்லிலீற்றர் நல்ல ஸ்பிரிட் வேண்டும். மூவரின் தேநீருக்கு ஒரு வேளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர், காலையும் மாலையும், ஐந்து நாள் என்று வைத்தால் 300 மில்லிலீற்றர் போதும். போத்தல் தவிர நிறை 240 கிராம் அளவில் வரும். சோறு சமைக்க இந்த அடுப்பை நம்பாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வேண்டியது. நீங்கள் ஸ்பிரிட்டை எங்கே வாங்கினீர்கள் என்று எழுதவில்லை. மதுவரிக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள் என்பதால், நேர்வழியில் வாங்கப் போகிறவர் பல இடங்களில் அலைய வேண்டியிருக்கிறது. ஒரு லீற்றருக்காக நானே மூன்று கடைகளும் ஓர் அலுவலகமும் ஏறி இறங்கியிருக்கிறேன். அலைந்து களைத்தவரிடம்தான் இடைத்தரகர் வருகிறார். "அதே சரக்குத்தான்" என்று சொல்லி, பெயர்ச்சீட்டு இல்லாத சோடாப் போத்தலில் எதையோ ஊற்றித் தருகிறார். அது மெதனோல் என்ற நச்சு மதுசாரமாக இருக்கலாம், தண்ணீர் கலந்ததாக இருக்கலாம், தச்சுப் பட்டறையில் மிஞ்சிய தின்னராகவும் இருக்கலாம். தின்னரை இந்தப் பேணியில் கொளுத்தினால் புகையும் கரியும் கட்டுக்கடங்காத தீயும்தான் வரும்.

மெதனோல் அடுப்பில் நன்றாகவே எரியும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. அது தோலினூடாகவும் உடம்புக்குள் போகும், அதன் ஆவியும் கேடு. 10 மில்லிலீற்றர் குடித்தாலே கண்பார்வை போகக்கூடும். தாகத்தில் நடக்கும் மூவரின் பைக்குள் சோடாப் போத்தலில் அது கிடப்பதை நினைத்துப் பாருங்கள். சுவாலையின் நிறத்தைப் பார்த்து நல்லது கெட்டதைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எதனோல், மெதனோல் இரண்டையும் சுவாலையாலும் மணத்தாலும் நம்பிக்கையாகப் பிரிக்க முடியாது. உள்ளடக்கத்தையும் சதவீதத்தையும் அச்சிட்ட, மூடி உடைக்காத போத்தலை மட்டும் வாங்குங்கள். அப்படியொன்று இலகுவாகக் கிடைக்க வழி செய்யாமல் மக்களைத் தரகரிடம் அனுப்பும் ஏற்பாடு எனக்குக் கோபம் தருகிறது.

மருந்தகத்தில் காயம் துடைக்கத் தரும் 70 சதவீத ஸ்பிரிட் ஆகுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். பொதுவாக ஆகாது. ஆனால் வேறு எதுவும் கிடைக்காத இடத்தில், அது எதனோலாக இருந்தால், இந்தத் திறந்த பேணியில் எரியும். நீங்கள் செய்த ஊசித்துளை அடுப்பில் திணறும். கொதிக்க நேரம் கூடும், அளவும் கூடுதலாகத் தேவைப்படும், எரிந்து முடிய அடியில் தண்ணீர் மிஞ்சும். அதைக் கொட்டித் துடைத்துவிட்டே மறுமுறை ஊற்ற வேண்டும். ஐசோபுரோபைல் (இது வேறொரு மதுசாரம்) என்று எழுதியிருந்தால் பாத்திரம் கரியாகும். உங்கள் பாதையில் வரும் யால, குமண காட்டுச் சூட்டில் 70 சதவீதமும் உடனே பற்றிவிடும். அதையே ஹோர்ட்டன் சமவெளியின் விடிகாலைக் குளிரில் கொளுத்த முயன்றால் தீக்குச்சிகள்தான் தீரும். அங்கே போத்தலைச் சட்டைக்குள் வைத்து உடற்சூட்டில் வைத்திருந்த பிறகு ஊற்றுங்கள்.

கடைசியாக, தயவுசெய்து இதை நண்பர்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஸ்பிரிட் சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலைச் சரிக்கும்போது தீ போத்தலுக்குள் ஏறி, எதிரே இருப்பவர்மேல் பீறிட்டு அடிக்கும். எரிகாயத்தோடு வந்த ஒரு மாணவனை நான் பார்த்திருக்கிறேன். அவன் ஊற்றவில்லை, எதிரே குந்தியிருந்தான். தென்னை ஈர்க்கொன்றின் நுனியைப் பேணிக்கு மேலே பிடித்துப் பாருங்கள். தீ இருந்தால் பற்றும். பற்றாவிட்டாலும் பேணி கைதொடும் சூட்டுக்கு வரும்வரை பொறுங்கள். ஒருபோதும் பெரிய போத்தலிலிருந்து நேரே ஊற்றாதீர்கள். 25 மில்லிலீற்றர் பிடிக்கும் மருந்துக் குவளையில் அளந்து, போத்தலை மூடி பத்து அடி தள்ளி வைத்துவிட்டு, குவளையிலிருந்து ஊற்றுங்கள். கூடாரத்துக்குள் கொளுத்த வேண்டாம். சருகைக் கூட்டி வெறும் மண்ணில் பேணியை வையுங்கள். அதை மூடி அணைக்கக்கூடிய பெரிய பேணி ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.