பஸ் ஏறுவதற்கு முன் மூன்று ராத்திரி

வாசகி கேள்வி: நான் கும்பகோணத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியை. வயது 64. என் கணவருக்கு 70. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். வரும் செப்டம்பரில் அமெரிக்கா போகிறோம். மகன் கலிபோர்னியாவில், சான் ஹோசேயில் இருக்கிறான். நியூயார்க்கில் கிளம்பி பிலடெல்பியா, வாஷிங்டன், நயாகரா, பாஸ்டன் என்று ஆறு நாள் சுற்றும் பஸ் டூரில் எங்களுக்கு இடம் போட்டிருக்கிறான். டூர் முடிந்து அவன் வீட்டுக்குப் போவதாக முதலில் பேச்சு. இப்போது, "முதலில் இங்கே வந்து நாலு நாள் தூங்கி எழுந்து டூருக்குப் போங்கள்" என்கிறான். டிராவல்ஸ்காரர் முந்தின நாள் ராத்திரி நியூயார்க் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிறார். கணவரோ துபாயில் தம்பி மகள் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்கிறார். ஆறு வருடம் முன்பு மகன் வீட்டுக்குப் போனபோது ஒரு வாரம் பகலெல்லாம் தூங்கி வழிந்தேன், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தேன். இந்தத் தடவை அப்படி ஆகிவிட்டால் டூர் முழுக்க வீணாகிவிடுமே. எங்கே தங்கி உடம்பைச் சரிசெய்துகொள்வது?

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா நினைவுக்கு வந்தார். அவரை இதே மாதிரி ஒரு பஸ் டூருக்கு அழைத்துப் போனேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நியூயார்க்கில் இறங்கினோம். மறுநாள் காலை ஏழு மணிக்கு பஸ். பிலடெல்பியாவில் இறங்கிப் பார்க்க நாற்பது நிமிடம் கொடுத்தார்கள். அம்மா சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. "நீ போய்ப் பார்த்துட்டு வா, எனக்குக் கண்ணைச் சுத்துது" என்றார். வாஷிங்டனிலும் அப்படியே. ராத்திரி இரண்டு மணிக்குப் பசியோடு எழுந்து உட்கார்ந்திருப்பார். நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் அந்த நேரத்துக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடக் கிடைக்காது. நயாகராவில்தான் அம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குள் டூரில் பாதி போய்விட்டது. அம்மா அப்புறம் அந்தப் பக்கம் போகவே இல்லை. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். செப்டம்பரில் நியூயார்க் நம்மை விட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே பகல் 12:30 ஆகும்போது உங்கள் உடம்புக்கு ராத்திரி பத்து. பஸ்ஸில் மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணைச் செருகுவது அதனால்தான். அங்கே ராத்திரி எட்டு மணி என்றால் உடம்புக்கு விடிகாலை 5:30, நீங்கள் காபி போடுகிற நேரம். அங்கே நடுராத்திரி இரண்டு மணி என்றால் இங்கே பகல் 11:30. வயிறு சாதம் கேட்கும். மேற்கு நோக்கிப் போகும்போது உடம்பின் கடிகாரம் ஒரு நாளைக்குச் சுமார் ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் நகரும். முழுசாகச் சரியாக ஆறிலிருந்து ஒன்பது நாள் வேண்டும்.

அவ்வளவு நாள் உங்களுக்குத் தேவையில்லை. டூர் பஸ்கள் காலையிலேயே கிளம்புகிறவை. விடிகாலை நாலரைக்கு விழிப்பு வந்தால் டூருக்கு அது நல்லதுதான். ராத்திரி எட்டரை, ஒன்பதுக்குப் படுத்து நாலரை வரை தூங்குகிற அளவுக்கு உடம்பைக் கொண்டுவந்துவிட்டால் போதும். மூன்று ராத்திரி இருந்தால் அதற்குப் பக்கத்தில் வந்துவிடலாம். டிராவல்ஸ்காரர் சொல்லும் ஒரு ராத்திரி போதவே போதாது.

உங்கள் கணவரின் யோசனையைப் பார்ப்போம். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அங்கே பத்து நாள் இருந்தாலும் நியூயார்க்கில் இறங்கும்போது மீதி எட்டு மணி நேரம் அப்படியே காத்திருக்கும். தம்பி மகளைப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகப் போங்கள். பயண அலுப்பும் கொஞ்சம் குறையும். தூக்கத்துக்கு அது மருந்து ஆகாது. சிலர் லண்டனில் இறங்கிப் போகச் சொல்வார்கள். உடம்புக்கு அது பாதி வழி, நல்லதுதான். ஆனால் லண்டனில் வெளியே வந்து தங்க நமக்குத் தனியாக விசா எடுக்க வேண்டும். இரண்டு ராத்திரிக்காக அந்தச் செலவும் அலைச்சலும் வேண்டாம்.

மகன் சொல்வது பாசத்தில் சொல்வது. ஆனால் கணக்கு இடிக்கிறது. கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். கிட்டத்தட்ட ராத்திரி பகலாகப் புரண்டுவிடும். நாலு நாளில் உடம்பு அதற்குள் பாதி வழிகூடப் போயிருக்காது. அந்த நிலையில் கிழக்கே ஐந்தாறு மணி நேரம் பறந்து நியூயார்க் வந்தால் கடிகாரம் மூன்று மணி நேரம் முன்னால் தாவும். காலை ஏழு மணி பஸ் என்பது மகன் வீட்டுக் கணக்கில் விடிகாலை நாலு. மகன் வீட்டில் இரண்டு வாரம் இருந்துவிட்டு டூருக்கு வருவதானால் அது வேறு, தாராளமாகச் செய்யலாம். நாலு நாள் மட்டும் என்றால் பழைய ஏற்பாடே சரி. டூரை முடித்துவிட்டு மேற்கே போகும்போது அந்த மூன்று மணி நேரம் அவ்வளவாக உறுத்தாது.

ஆக, தங்க வேண்டியது நியூயார்க்கில்தான். அங்கே எங்கே என்பதுதான் முக்கியம். மன்ஹாட்டன் நடுவில் ரூம் போடச் சொல்ல மாட்டேன். விலையும் அதிகம், சத்தமும் அதிகம். அதோடு ஜன்னலுக்கு வெளியே டைம்ஸ் ஸ்கொயர் இருந்தால் உங்களால் ரூமில் ஓய்வெடுக்க முடியுமா?

நான் சொல்லும் இடம் குயின்ஸ் பகுதியில் உள்ள ஃப்ளஷிங். கென்னடி விமான நிலையத்திலிருந்து டாக்சியில் அதிக தூரமில்லை. சீனர்களும் கொரியர்களும் நிறைய வாழும் இடம். மெயின் ஸ்ட்ரீட்டில் எந்நேரமும் ஜனம் நடந்துகொண்டிருக்கும். பஸ் டூர்கள் பலவும் ஃப்ளஷிங்கிலேயே ஆட்களை ஏற்றிக்கொள்கின்றன. உங்கள் டூருக்கும் அங்கே ஏறும் இடம் இருக்கிறதா என்று மகனை விசாரிக்கச் சொல்லுங்கள். இருந்தால் டூர் அன்று காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் கடக்க வேண்டாம்.

ஃப்ளஷிங்கைச் சொல்ல எனக்கு இன்னொரு காரணம் உண்டு. பௌன் தெருவில் மகா வல்லப கணபதி கோயில் இருக்கிறது. ஐ.நா. சபையில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் என்ற தமிழரின் முயற்சியில் 1970இல் தொடங்கிய அமைப்பு, பழைய ரஷ்ய தேவாலயம் ஒன்று இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4 அன்று குடமுழுக்கு செய்த கோயில். அமெரிக்காவில் ஆகம முறைப்படி எழுந்த முதல் கோயில்களில் ஒன்று. தெருவுக்கே இப்போது கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட் என்று இன்னொரு பெயரும் வைத்திருக்கிறார்கள். கோயிலின் கீழ்த்தளத்தில் ஒரு கேன்டீன் உண்டு. தோசை, இட்லி, பொங்கல், ஃபில்டர் காபி கிடைக்கும். ஊர் மாறித் தூக்கம் கெட்டு நிற்கிற நேரத்தில் வயிற்றுக்குப் பழகிய சாப்பாடு கிடைப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். கணவருக்குச் சர்க்கரை இருப்பதால், நேரத்துக்குத் தெரிந்த உணவு கிடைக்கிற இடம் இன்னும் அவசியம்.

கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் குயின்ஸ் தாவரவியல் பூங்கா, 39 ஏக்கர். செப்டம்பர் வெயில் நம் ஊர் மார்கழி வெயில் போல இதமாக இருக்கும். உட்கார நிறைய பெஞ்சு உண்டு. பூங்கா எதற்கு என்று கேட்பீர்கள். உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவது முக்கியமாகக் கண்ணில் படும் வெளிச்சம்தான். எந்த நேரத்தில் வெளிச்சம் படுகிறது என்பதைப் பொறுத்துக் கடிகாரம் பின்னாலும் போகும், முன்னாலும் போகும். உங்களுக்குப் பின்னால் தள்ள வேண்டும். அதற்கு நண்பகலிலிருந்து மாலை வரையிலான வெளிச்சம் உதவும். சாயங்காலம் நேரம் கடந்த பிறகு படும் வெளிச்சம் எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். உங்கள் உடம்பு அதை விடிகாலை என்றே எடுத்துக்கொள்கிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். மத்தியானம் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். இறங்கிய அன்று ரூமுக்குப் போய்க் குளித்து, கேன்டீனிலோ ரூமிலோ சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டு எட்டு மணிக்குப் படுங்கள். அந்த அலுப்பில் தூக்கம் வந்துவிடும். ஆனால் இரண்டு மணிக்கு விழிப்பு வரும், பசிக்கும். பயப்பட வேண்டாம். படுக்கப் போவதற்கு முன்பே இட்லியோ தயிர்சாதமோ வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள். மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் உள்ள ரூமாகக் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். கொஞ்சமாகச் சாப்பிட்டு, பெரிய விளக்கைப் போடாமல், போனைக் கையில் எடுக்காமல் மறுபடி படுங்கள். தூக்கம் வராவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருங்கள்.

மறுநாள் காலை மெதுவாகக் கோயில். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் உண்மையான சோதனை. அரை மணி நேரத் தூக்கத்துக்கு அலாரம் வைத்துப் படுக்கலாம்; அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. இரண்டு மணிக்குப் படுத்தவர் எட்டு மணிக்கு எழுந்தால் அந்த நாள் கணக்கிலேயே வராது. எழுந்ததும் பூங்காவுக்குப் போய் ஆறு மணி வரை வெளியிலேயே இருங்கள். மூன்றாம் நாள் சூரியன் மறைகிற ஏழு மணி வரை இருக்கலாம். அன்றைக்கு உடம்பு ஒத்துழைத்தால் ஃப்ளஷிங் மெடோஸ் பூங்காவில் 1964 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய பிரம்மாண்டமான எஃகு பூகோளத்தைப் பார்த்துவிட்டு வரலாம். காபி இரண்டு நாளும் காலையில் மட்டும். மன்ஹாட்டனுக்கு ரயில் இருக்கிறதே, ஒரு நடை போய் வரலாமா என்று கணவர் கேட்பார். வேண்டாம். டூரில் அது வரும்.

ரூம் விஷயத்தில் மூன்று எச்சரிக்கை. லாகார்டியா விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால் சில தெருக்களுக்கு மேலே விமானச் சத்தம் பலமாக இருக்கும். மகனை ரூம் போடும்முன் மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ஹோட்டல்களில் பொதுவாக மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ரூம் தருவார்கள். காலையில் இறங்குகிற விமானம்தான் கிடைத்தது என்றால் முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிடுங்கள். லாபியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பதை விட அந்தப் பணம் பெரிதில்லை. மூன்றாவது, அமெரிக்க ஓபன் டென்னிஸ் ஃப்ளஷிங்கில்தான் நடக்கும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முதல் பாதி வரை போகும். அந்த நாட்களில் ரூம் வாடகை எகிறும். டூர் தேதியை ஒரு வாரம் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

டிக்கெட் நெவார்க் விமான நிலையத்துக்குத்தான் அமைந்தது என்றால் நியூஜெர்சியில் எடிசன் பக்கம் தங்கலாம். ஓக் ட்ரீ ரோடு முழுக்க நம் கடைகள், நம் சாப்பாடு. ஆனால் அங்கே எதற்கும் கார் வேண்டும். காரோடு வந்து பார்த்துக்கொள்ள உறவினரோ நண்பரோ இருந்தால் மட்டும் அங்கே போங்கள்.

அபுதாபி வழியாகப் போக முடிந்தால் இன்னொரு நன்மை உண்டு. அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அபுதாபியிலேயே முடித்துவிடும் வசதி 2014 முதல் இருக்கிறது. நியூயார்க்கில் இறங்கியதும் அந்த வரிசையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் இடையில் மூன்று மணி நேரமாவது இருக்கிற மாதிரி டிக்கெட் எடுங்கள். எந்த வழியில் போனாலும் இருவருக்கும் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்யுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்கள்.

கிளம்புவதற்கு முன் கணவரின் டாக்டரைப் பார்த்து, ஒன்பதரை மணி நேரம் மாறும்போது எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று தாளில் எழுதி வாங்குங்கள். மாத்திரையும் சீட்டும் கைப்பையிலேயே இருக்கட்டும். தூக்கத்துக்கு அங்கே கடைகளில் மெலடோனின் சீட்டில்லாமலே கிடைக்கும். உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம்.

ஊரில் இருக்கும்போதே ஒன்று தொடங்கலாம். புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பிருந்து தினமும் ஒரு மணி நேரம் தள்ளிப் படுங்கள், ஒரு மணி நேரம் தள்ளி எழுங்கள். ஐந்து மணிக்குக் கோலம் போடுகிறவர் என்றால் மூன்றாம் நாள் எட்டு மணிக்குப் போடுங்கள். பக்கத்து வீட்டில் ஏன் என்று கேட்டால், ஃப்ளஷிங் பிள்ளையாரைப் பார்க்கத் தயாராகிறேன் என்று சொல்லுங்கள்.