குளச்சலில் டச்சுக்காரரை வென்ற திருவிதாங்கூர், ஆங்கிலேயரிடம் எப்படிப் பணிந்தது?

டச்சுக்காரரோடு உறவைத் தீர்மானித்தது மிளகு. 1741 ஆகஸ்டில் குளச்சலில் தோற்றதும் டச்சுக் கம்பெனி ஓடிவிடவில்லை. பேரம் பேசிப் பேசியே பன்னிரண்டு ஆண்டு போனது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா மிளகு விற்கச் சம்மதித்தார். பதிலுக்கு அக்கம்பக்கத்து மன்னர்களுக்கு உதவுவதில்லை என்று டச்சுக்காரர் ஒப்புக்கொண்டார்கள். ராஜதந்திரத்தில் இது குளச்சலைவிடப் பெரிய வெற்றி என்பேன். குளச்சலில் பிடிபட்ட டச்சுப் படைத் தலைவர் டி லனாய் திருவிதாங்கூரிலேயே தங்கி அதன் படையைப் பயிற்றுவித்தார். அவர் கல்லறை புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது.

ஆங்கிலேயர் வந்த வழி வேறு: பாதுகாப்பு தருகிறோம், செலவை நீங்கள் கொடுங்கள். திப்புவின் படையெடுப்புக்குப் பின் 1795-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்குத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும். 1805-இல் தொகை எட்டு லட்சம் ரூபாய் ஆனது. உண்மையான கண்ணி தொகையில் இல்லை, அதோடு வந்த ஷரத்தில்: பணம் வராது என்று கவர்னர் ஜெனரலுக்குத் தோன்றினாலே நிர்வாகத்தில் தலையிடலாம், நாட்டின் ஒரு பகுதியையே கையில் எடுக்கலாம். பாக்கி விழுந்தது, ரெசிடென்ட் (கம்பெனியின் அரசவைப் பிரதிநிதி) மெக்காலே நெருக்கினார். தலக்குளத்துக்காரரான தளவாய் (முதலமைச்சர்) வேலுத்தம்பி முதலில் இந்த ஒப்பந்தத்துக்குத் துணைநின்றவர்தான், இதைப் பலர் சொல்வதில்லை. அவரே 1809 ஜனவரியில் கொல்லம் அருகே குண்டறையில் ஆங்கிலேயருக்கு எதிராகப் போர் அறைகூவல் விடுத்தார். மறு மாதமே கம்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் கணவாயை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. பத்மநாபபுரமும் உதயகிரியும் எதிர்ப்பே இல்லாமல் விழுந்தன.