ஆசாரியருக்கு என்ன வேலை? பழைய இஸ்ரவேலின் ஆசாரிய ஊழியம் பற்றிக் கேள்வி பதில்

வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசிக்கத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் லேவியராகமம் வந்ததும் நின்றுவிடுகிறார்கள். பலி, இரத்தம், கொழுப்பு, தீட்டு என்று போவதால் சலிப்பு வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த புத்தகங்களில் அது ஒன்று. வந்திருக்கும் கேள்விகளை முடிந்தவரை எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, ஆசாரியர், லேவியர் என்று மாறி மாறி வருகிறதே, இரண்டும் ஒன்றுதானா?

இல்லை தம்பி. லேவி கோத்திரம் முழுவதும் லேவியர். அதற்குள் ஆரோனின் ஆண் வாரிசுகள் மட்டும் ஆசாரியர். பலிபீடத்தில் ஊழியம் செய்வதும் பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவதும் ஆசாரியருக்கு மட்டுமே. கோகாத், கெர்சோன், மெராரி வம்சத்து மற்ற லேவியர்கள், ஆலயம் வரும் முன் ஆராதனை நடந்த கூடாரத்தைச் சுமந்தார்கள், காவல் காத்தார்கள். ஆலயம் வந்த பிறகு பாடகராகவும் வாசல் காப்போராகவும் இருந்தார்கள்.

அண்ணா, நாள் முழுக்க ஆடு மாடு வெட்டுவதுதானே ஆசாரியரின் வேலை? இதை எப்படி ஆன்மிகப் பணி என்பது?

நிறையப் பேர் மனதில் இந்தப் படம்தான் இருக்கிறது. லேவியராகமம் 1-ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். தனிமனிதர் கொண்டுவரும் பலியில், மிருகத்தின் தலைமேல் கை வைப்பதும் அதைக் கொல்வதும் கொண்டுவந்தவர்தான். ஆசாரியர் வேலை அதற்குப் பிறகு: இரத்தத்தை ஏந்திப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிப்பது, விறகை அடுக்குவது, துண்டங்களை வரிசையாக வைத்து எரிப்பது. பறவை என்றால் மட்டும் அவரே கொல்வார். தன் பாவத்துக்கான பலியைத் தன் கையால் கொல்ல வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள். யாரோ ஒருவருக்குக் காசு கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது.

அன்றாட வேலை என்று பார்த்தால், காலையில் ஒரு ஆட்டுக்குட்டி, மாலையில் ஒன்று, ஒரு நாளும் தவறாமல். காலையும் மாலையும் தூபம், குத்துவிளக்குக்கு எண்ணெய், ஓய்வுநாள்தோறும் 12 சமுகத்தப்பங்களை (கர்த்தரின் சந்நிதியில் வைக்கும் அப்பங்களை) மாற்றுவது. பலிபீடத்து நெருப்பு அணையவே கூடாது. அதனால் விடியலில் முதல் வேலை சாம்பல் அள்ளுவது. சணல்நூல் (லினன்) உடை உடுத்தி அள்ளி, பீடத்தின் பக்கத்தில் வைத்து, அப்புறம் உடை மாற்றி பாளயத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும்.

சாம்பல் அள்ளுவதை யாராவது விரும்புவார்களா? விரும்பினார்கள். இரண்டாம் ஆலய காலத்தைப் பற்றி யூதர்களின் வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்வது இது: அந்த வேலைக்காக இளம் ஆசாரியர்கள் பலிபீடத்தின் சாய்வுப் பாதையில் ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஒருமுறை இருவர் சமமாக ஓட, ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்டதில் கால் முறிந்தது. அதற்குப் பிறகுதான் சீட்டுப் போடும் வழக்கம் வந்தது. சாம்பல் அள்ளுவதையே அவ்வளவு பெரிய பாக்கியமாக நினைத்தவர்கள் அவர்கள்.

ஏழைகள் ஆட்டுக்கு எங்கே போவார்கள்?

இரண்டு காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு போதும். அதற்கும் வழியில்லை என்றால் ஒரு எப்பாவில் (பழைய தானிய அளவை) பத்தில் ஒரு பங்கு மாவு. மாவு கொண்டுவந்தவருக்கும் ஆடு கொண்டுவந்தவருக்கும் கிடைத்த மன்னிப்பு ஒன்றுதான். மரியாளும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேமுக்கு வந்தபோது செலுத்தியது இந்தப் பறவைப் பலியே.

பிரதான ஆசாரியர் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது காலில் கயிறு கட்டுவார்களாமே? உள்ளே செத்தால் மணிச்சத்தம் நின்றுவிடும், இழுத்துவிடுவார்கள் என்று எங்கள் சபையில் பிரசங்கம் கேட்டேன்.

நானும் சிறுவயது முதல் கேட்டுவரும் கதை. பழைய ஏற்பாட்டில் கயிறு இல்லை, மிஷ்னாவிலும் இல்லை. மத்திய காலத்து யூத மறைஞான நூலான சோகாரில்தான் தலைகாட்டுகிறது. மணி விஷயமும் இடிக்கிறது. பொன்மணிகள் தொங்கியது நீல அங்கியின் ஓரத்தில். ஆண்டுக்கு ஒருமுறை பாவநிவாரண நாளில் அந்த உள்ளறைக்குள் போகும்போது அதை அணியக் கூடாது, வெறும் சணல்நூல் உடைதான் என்று லேவியராகமம் 16 தெளிவாகச் சொல்கிறது.

எனக்கு இந்த உடைதான் கயிற்றைவிடப் பெரிய செய்தி. ஆண்டு முழுவதும் பொன்னும் 12 கல் பதித்த மார்ப்பதக்கமும் நெற்றியில் பொற்பட்டமுமாக ஊழியம் செய்பவர், ஏழாம் மாதம் பத்தாம் நாளில் அதையெல்லாம் கழற்றிவிட்டு, எளிய ஆளாக உள்ளே போகிறார். முதலில் தனக்கும் தன் வீட்டாருக்கும் ஒரு காளை. அதற்குப் பிறகுதான் ஜனங்களுக்கான ஆட்டுக்கடா. இன்னொரு கடாவின் தலைமேல் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் பாவங்களை அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்.

பயம் இருந்தது உண்மைதான். முந்தைய இரவு அவரைத் தூங்கவிட மாட்டார்கள். கண் சொருகினால் இளம் ஆசாரியர்கள் விரலைச் சொடுக்கி எழுப்பி, குளிர்ந்த தரையில் நிற்க வைப்பார்கள். பத்திரமாக வெளியே வந்துவிட்டால் அவர் தன் நண்பர்களுக்கு விருந்து வைப்பார். இவை மிஷ்னாவில் உள்ளவை. பிரசங்கத்துக்கு இவையே தாராளமாகப் போதும்.

குஷ்டரோகத்துக்கு ஆசாரியரிடம் போகச் சொன்னார்களே, அவர் வைத்தியரா?

வைத்தியம் பார்த்ததாக ஒரு வரி கூட இல்லை. பார்ப்பார், 7 நாள் தனியே வைப்பார், மறுபடி பார்ப்பார், தீட்டா சுத்தமா என்று அறிவிப்பார். நோய் நீங்கியபின் அந்த மனிதரைத் திரும்பச் சமூகத்தில் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிவிழுந்து தெரிந்தால் அதையும் அவர்தான் பார்க்க வேண்டும். இதில் ஓர் அருமையான விதி உண்டு: ஆசாரியர் வருவதற்கு முன்பே சாமான்களை வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும். அவர் பார்த்துத் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும் அல்லவா! அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம் வரக் கூடாது என்ற அக்கறை சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

நிலம் இல்லை, வேறு தொழில் இல்லை. அப்படியானால் ஜனங்களைச் சுரண்டித்தானே வாழ்ந்திருப்பார்கள்?

பங்கு இவ்வளவுதான் என்று எழுதியே வைத்திருந்தது. சமாதான பலியில் மார்க்கண்டமும் (மார்புப் பகுதியும்) வலது முன்னந்தொடையும், தகனபலியில் தோல். லேவியர் தாங்கள் வாங்கும் தசமபாகத்தில் பத்தில் ஒரு பங்கை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். குடியிருக்க 13 பட்டணங்கள்.

ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆசாரியர் ஏலியின் மகன்கள் ஓப்னியும் பினெகாசும் செய்தது சுரண்டல்தான். இறைச்சி வேகும்போதே மூன்று முனையுள்ள முட்கருவியைக் கொப்பரையில் விட்டு, வந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். கொழுப்பு எரிக்கப்படும் முன்பே பச்சைக் கறி கேட்டார்கள், தராவிட்டால் பலவந்தம். வேதாகமம் இதை மூடி மறைக்கவில்லை. ஆசாரியரின் குற்றத்தை அது மற்ற எவருடைய குற்றத்தையும்விடக் கடுமையாகப் பார்க்கிறது. கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்து மாண்ட நாதாபும் அபியூவும் ஆரோனின் சொந்த மகன்கள். அவர்களுக்கே விலக்கு இல்லை.

உடல் ஊனமுள்ளவர் பலிபீடத்தண்டை வரக் கூடாது என்பது அநியாயம் இல்லையா?

சகோதரி, அந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்கும் மனம் கனக்கிறது. காளைக்கும் ஆட்டுக்கும் சொன்ன பழுதற்ற நிபந்தனைதான் ஆசாரியருக்கும். அந்த அடையாள முறைக்குள் அது பொருந்துகிறது என்று விளக்கலாம், வலியைக் குறைக்க முடியாது. ஒன்று மட்டும் சேர்த்து வாசியுங்கள்: மகா பரிசுத்தமான உணவிலும் ஊனமுள்ள ஆசாரியருக்குப் பங்கு உண்டு. ஆசாரியக் குடும்பத்திலிருந்து அவரை யாரும் தள்ளவில்லை.

பலி தவிர வேறு கடமை?

போதிப்பது! இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஆசாரியர்களின் 24 வகுப்புகள் (பிரிவுகள்) வாரம் ஒன்றாக முறை வந்து ஆலயத்தில் ஊழியம் செய்தன. பண்டிகைகள் போக, ஒரு வகுப்புக்கு ஆண்டில் சுமார் இரண்டு முறைதான் வரும். மற்ற நாட்களில் தங்கள் ஊரில் இருந்தார்கள். பரிசுத்தமானது எது, தீட்டு எது என்று சொல்லிக்கொடுப்பதும், சிக்கலான வழக்குகளில் தீர்ப்புச் சொல்வதும் அவர்கள் கடமை. ஆசாரியரின் உதடுகள் அறிவைக் காக்க வேண்டும் என்று மல்கியா தீர்க்கதரிசி கண்டிப்பது இந்தக் கடமையில் தவறியதற்காகத்தான்.

ஆசீர்வதிப்பதும் கடமை. "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்று ஆராதனை முடிவில் நம் சபைகளில் கேட்கிறோமே, அது ஆரோனுக்கும் மகன்களுக்கும் கொடுத்த வார்த்தை. 1979-இல் எருசலேமின் கெத்தேப் இன்னோம் கல்லறைகளில் தொல்லியலாளர் கேப்ரியல் பார்க்காய் குழுவினர் இரண்டு குட்டி வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். சிறியதை விரித்தால் ஏறக்குறைய 4 செ.மீ. நீளம். அவற்றில் இந்த ஆசீர்வாத வரிகள் கீறப்பட்டிருக்கின்றன. காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6-இன் தொடக்கம். சவக்கடல் அருகே கிடைத்த பழைய வேதாகமச் சுருள்களைவிடப் பழையவை.

இன்றும் ஆசாரியர்கள் இருக்கிறார்களா?

கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை இடித்ததோடு பலி நின்றது. வம்சம் நிற்கவில்லை. ஆரோன் வழி வந்தவர்களாகக் கருதப்படும் யூதர்கள் இன்றும் ஜெப ஆலயத்தில் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) வாசிப்புக்கு முதலில் அழைக்கப்படுகிறார்கள், கல்லறைத் தோட்டத்துக்குப் போவதைத் தவிர்க்கிறார்கள், தலைப்பிள்ளையை மீட்கும் சடங்கில் 5 வெள்ளி நாணயம் பெறுகிறார்கள். பஸ்கா, கூடாரப் பண்டிகை நாட்களில் எருசலேமின் மேற்குச் சுவரருகே திரளாகக் கூடி அதே ஆசீர்வாதத்தைச் சொல்கிறார்கள். பலியே நேரில் பார்க்க வேண்டும் என்றால் நாப்லுஸ் அருகே கெரிசீம் மலை. அங்கே, மோசேயின் ஆகமங்களைப் பின்பற்றும் சிறு சமூகமான சமாரியர்கள் தங்கள் ஆசாரியர் தலைமையில் ஆண்டுதோறும் பஸ்கா ஆடுகளை அடிக்கிறார்கள்.