ரஷ்ய நவீன ஓவியங்களைப் பார்க்க ரஷ்யாவுக்குத்தான் போகவேண்டுமா?

மாஸ்கோ போக வாய்ப்பில்லை, 1910, 20களின் ரஷ்ய ஓவியங்களை வேறெங்கே பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கிரேக்கத்தில் தெசலோனிக்கி நகரத்துக்குப் போங்கள். அங்கே லாசரிஸ்டோன் என்ற பழைய மடத்துக் கட்டிடத்தில் கோஸ்டாகிஸ் தொகுப்பு இருக்கிறது. 1,270-க்கும் மேற்பட்ட படைப்புகள். கிரேக்க அரசு 2000-இல் விலை கொடுத்து வாங்கியது.

ஜார்ஜ் கோஸ்டாகிஸ் 1913-இல் மாஸ்கோவில் பிறந்த கிரேக்கர். ஓவியம் படித்தவர் இல்லை. கிரேக்கத் தூதரகத்தில் கார் ஓட்டினார், அப்புறம் கனடா தூதரகத்தில் உள்ளூர் ஊழியர்களைக் கவனித்துக்கொண்டார். முதலில் பழைய டச்சு ஓவியம், வெள்ளிச் சாமான், கம்பளம் என்றுதான் சேர்த்துவந்தார். 1946-இல் ஓல்கா ரோசனோவா என்ற ரஷ்ய ஓவியரின் ‘பச்சைக் கோடு’ ஓவியம் கண்ணில் பட்டது. அதோடு அவர் தேடல் ரஷ்ய நவீன ஓவியங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

அது எப்பேர்ப்பட்ட காலம்! ஸ்டாலின் அரசுக்குச் சோசலிச யதார்த்தவாதம், அதாவது சோவியத் வாழ்வை உள்ளது உள்ளபடி போலவும் உயர்த்தியும் காட்டும் பாணி, தவிர வேறெந்த ஓவியமும் ஆகாது. நவீன ஓவியர்களான மாலேவிச், பொப்போவா, ரோசனோவா மூவருமே உயிரோடில்லை. அருங்காட்சியகங்களில் இருந்த இத்தகையோரின் ஓவியங்கள் கிடங்குக்குப் போயின, மற்றவை உறவினர் வீட்டுப் பரண்களில் கிடந்தன. கோஸ்டாகிஸ் வீடு வீடாகத் தேடிப் போனார். ஸ்வெனிகரோத் என்ற ஊரில் லியுபோவ் பொப்போவாவின் உறவினர் வீட்டு ஜன்னலை ஒரு பிளைவுட் பலகை அடைத்திருந்தது. பார்த்தால், அது பொப்போவா வரைந்த ஓவியம். ‘எடுத்தால் மழைச் சாரல் உள்ளே வருமே, வேறு பலகை கொண்டுவா’ என்றாராம் வீட்டுக்காரர். இவர் மாஸ்கோ போய்ப் பலகையோடு திரும்பி வந்து ஓவியத்தை வாங்கிக்கொண்டார்.

தெசலோனிக்கியில் நான் அதிக நேரம் நின்றது ‘பச்சைக் கோடு’ முன்னால்தான். 1917-இல் வரைந்தது. வெள்ளைப் பரப்பில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு பச்சைப் பட்டை, அவ்வளவுதான். அச்சில் பார்த்தபோது அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் இருந்தது. நேரில் அப்படி இல்லை. ஓரம் லேசாகத் தளும்புகிறது, தூரிகை போன தடம் தெரிகிறது, வெள்ளையும் ஒரே வெள்ளையாக இல்லை. அடுத்த ஆண்டே ரோசனோவா தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார், வயது 32. அது தெரிந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஒன்று சொல்லவேண்டும். 1977-இல் சோவியத் நாட்டைவிட்டுக் கிளம்பியபோது தொகுப்பின் கணிசமான பகுதியைக் கோஸ்டாகிஸ் மாஸ்கோவின் திரெத்யாக்கோவ் காட்சியகத்திலேயே விட்டுவிட்டார். பல முக்கியமான ஓவியங்கள் அங்கேதான் இருக்கின்றன. மாலேவிச்சின் 1915 ‘கறுப்புச் சதுரம்’ இருப்பதும் திரெத்யாக்கோவில்தான். அதனால் தெசலோனிக்கியில் புகழ்பெற்ற படங்களை மட்டும் தேடினால் ஏமாற்றமாக இருக்கலாம்.

அங்கே நிறைந்து கிடப்பது காகித வேலைகள்: பென்சில் வரைவுகள், துணி வடிவங்கள், மேடை அமைப்புகள். ஓர் எண்ணம் கோடாகி, கோடு உருவமாகும் வழியை அவற்றில் பார்க்கலாம். என்னைக் கேட்டால் அதுதான் இந்தத் தொகுப்பின் பெரிய செல்வம். அப்புறம், மனிதன் தானே சிறகடித்துப் பறப்பதற்காக தாத்லின் என்ற ரஷ்யக் கலைஞர் வடிவமைத்த ‘லெதாத்லின்’ என்ற கருவியின் இறக்கைச் சட்டம் ஒன்றும் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. வளைத்த மரம். காட்சிக்கு வைத்திருந்தால் அதன் வளைவைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள்.