எலும்புச் சிலைட்டில் தெரியும் கறுப்புப் புள்ளிகள்

"நுணுக்குக்காட்டியில் பார்த்தால் எலும்பு வெட்டிய மரம் போலத்தான் தெரிகிறது. இதில் உயிர் எங்கே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அநேகமாக எல்லா வருடமும் ஒரு பிள்ளையாவது இதைக் கேட்கும். குழப்பத்துக்குக் காரணம் சிலைட்தான். காய்ந்த எலும்பை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்துச் செய்தது அது. வட்டவட்டமாக வளையங்கள், நடுவே ஒரு துவாரம், வளையங்களுக்கு இடையில் சிலந்தி போலக் கால் பரப்பிய கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைத்தான் பிள்ளைகள் கலம் என்று குறிப்பார்கள். உண்மையில் அவை கலங்கள் குடியிருந்த குழிகள். உள்ளே இருந்தது காய்ந்துபோய்க் காற்று நிரம்பியதால் கறுப்பாகத் தெரிகின்றன.

உயிருள்ள எலும்பில் அந்தக் குழிக்குள் ஒஸ்ரியோசைற் என்ற கலம் இருக்கும். சிலந்திக்கால் போலத் தெரிந்தவை மயிரிலும் மெல்லிய வாய்க்கால்கள். கல்சியம் இறுகிய சுவருக்குள் இருக்கும் கலத்துக்கு அவற்றின் வழியாகத்தான் சாப்பாடு வந்து சேர வேண்டும். எங்கள் தோட்டங்களில் கிணற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி பாய்வதை நினைத்துப் பாருங்கள். நடுத் துவாரத்தில் ஓடும் இரத்தக்குழாய்தான் இங்கே கிணறு. இந்தத் தோட்டம் முழுவதற்கும் குறுக்களவு சுமார் 0.2 மில்லிமீற்றர்! 1691இல் எலும்பைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் ஹேவர்ஸின் பெயரால் இதை ஹேவர்சியன் தொகுதி என்கிறோம்.

இன்னும் இரண்டு வகைக் கலங்கள் உண்டு. பல கருக்கள் கொண்ட பெரிய ஒஸ்ரியோகிளாஸ்ற் அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கும். பின்னால் ஒஸ்ரியோபிளாஸ்ற் வந்து கொலாஜன் நாரைப் பரப்பிப் புதிதாகக் கட்டும். கட்டும்போதே அவற்றில் சில தாம் எழுப்பிய சுவருக்குள் அகப்பட்டுவிடும். முன்னே சொன்ன ஒஸ்ரியோசைற் அப்படி உருவானதுதான். படிப்பித்து எத்தனை வருடமானாலும் இந்த இடம் வரும்போது எனக்கு வியப்பாகவே இருக்கும்.

என் பெறாமகன் சைக்கிளால் விழுந்து முன்கை எலும்பை முறித்துக்கொண்டான். பிளாஸ்டரை வெட்டிய பிறகு முறிந்த இடம் புடைத்திருந்தது. கோணலாகப் பொருந்திவிட்டதோ என்று அம்மா கலங்கிப்போனார். உடல் அவசரத்துக்குப் போட்ட எலும்பு அது, வளையம் எதுவும் ஒழுங்காக அமைந்திராது. அதைக் கரைத்துக் கரைத்துத் திரும்பக் கட்டும் வேலை மாதக்கணக்கில் நடக்கும். அடுத்த வருடம் எடுத்த எக்ஸ்ரேயில் முறிந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடித்தோம்.