எண்ணெய் வடியும் முகத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். பதினோரு மணி டீக்குள் முகம் எண்ணெய் வடிய ஆரம்பித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் பரு நிற்கவில்லை. ஆன்லைனில் ஃபேஸ் வாஷ், ஸ்க்ரப், டோனர், சீரம், கிரீம் ஐந்தும் சேர்ந்த கிட் 1,899 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமுங்களா?

பதில்: வேண்டாமுங்க. அந்த ஐந்தில் உங்களுக்குத் தேவை ஃபேஸ் வாஷ், கிரீம் இரண்டுதான். கட்டாயம் வேண்டிய சன்ஸ்கிரீன் அதில் இல்லவே இல்லை.

முதலில் கழுவுவதைக் குறையுங்கள். எண்ணெயைச் சுரப்பது தோலுக்குள் இருக்கும் சுரப்பி, அதை ஆட்டுவிப்பது ஹார்மோன். மேலே எத்தனை தடவை கழுவினாலும் சுரப்பு குறையாது. தோல்தான் காய்ந்து எரியும், பரு உள்ள முகத்தில் அது இன்னும் வம்பு. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை போதும். நன்றாக வேர்த்தால் நடுவில் வெறும் தண்ணீர். மற்றபடி சுத்தமான பருத்தித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இதற்கென்று தனியாகக் காகிதம் விற்கிறார்கள். திருப்பூரில் இருந்துகொண்டு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்ன!

அப்புறம் சோப்பு. டிஎஃப்எம் 76 சதவீதம், முதல் தரம் என்று கடைக்காரர் காட்டுவார். குறைந்தது 76 இருந்தால் கிரேடு 1, 70 இருந்தால் 2, 60 இருந்தால் 3 என்பது சரிதான். ஆனால் அது சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்கிற கணக்கு. முதல் தர சோப்பும் காரத்தன்மை உள்ளதுதான், பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 பக்கம் நிற்கும். தோலோ 5-க்குப் பக்கத்தில், லேசான அமிலத்தன்மையோடு இருப்பது. வீட்டில் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். உப்புத்தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகிவிடும். பக்கெட்டின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதேதான் முகத்திலும் தங்குகிறது.

அதனால் முகத்துக்குச் சோப்பு வேண்டாம், ஃபேஸ் வாஷ் போதும். அதை வாங்கும்போது முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். அதிகம் சேர்த்த பொருள் முதலில் வரும். மிரிஸ்டிக் ஆசிட், ஸ்டியரிக் ஆசிட், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மூன்றும் முதல் சில பெயர்களுக்குள் இருந்தால், அது டியூபில் அடைத்த சோப்பு. நுரை பொங்கும், கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கும். கோகாமிடோபுரொப்பைல் பீட்டைன், சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்றவை இருந்தால் மென்மையாக இருக்க வாய்ப்பு அதிகம். நுரை குறைவாக இருக்கிறதே என்று ஏமாந்ததாக நினைக்காதீர்கள். எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு மில்லிக்கு எவ்வளவு என்றும் அச்சிட்டிருக்க வேண்டும். கிட்டில் வரும் சின்ன பாட்டில்களின் லட்சணம் அந்த எண்ணில் தெரிந்துவிடும்.

கிரீமுக்குப் பதிலாக ஜெல் மாதிரி லேசான மாய்ஸ்சரைசர் போதும். எண்ணெய் முகத்துக்கு எதற்கு என்று கேட்பீர்கள். எண்ணெய் வேறு, ஈரம் வேறு. கழுவிய தோலுக்கு ஈரம் தேவை. காலையில் சன்ஸ்கிரீன், அதுவும் ஜெல்லாகவே இருக்கட்டும். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30 போதும். தோலைச் சுடும் புற ஊதா பி கதிரில் அது சுமார் 97 சதவீதம் தடுக்கிறது என்றால் 50 தடுப்பது 98 சதவீதம். அந்த ஒரு சதவீதத்துக்காக அதிகம் கொடுப்பதைவிட, வாங்கியதைத் தாராளமாகப் பூசுங்கள். ஆடிக்காற்று சிலுசிலுவென்று அடிக்கிற நாளிலும் வெயில் சுடத்தான் செய்யும்.

கிட்டில் வரும் ஸ்க்ரப், டோனர், சீரம் மூன்றையும் மறந்துவிடலாம். பருவுக்கு 2 சதவீத சாலிசிலிக் ஆசிட் உள்ள ஒன்றை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி போட்டுப் பாருங்கள். டாக்டர் பென்சாயில் பெராக்சைடு எழுதிக் கொடுத்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை: அது துணிச் சாயத்தை வெளுத்துவிடும். முகத்தில் பூசிய கையோடு கலர் பீஸைத் தொட்டால் சூப்பர்வைசரிடம் உங்கள் பாடு திண்டாட்டம்.

கேள்வி: எங்கள் அம்மிச்சி மஞ்சளும் கடலை மாவும் எலுமிச்சைச் சாறும் குழைத்துப் பூசச் சொல்கிறார். ஈரோட்டில் இருந்துகொண்டு கடையில் எதற்குக் காசு கொடுக்க வேண்டும் என்கிறார். சரிதானா?

பதில்: ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது, அம்மிச்சியின் பெருமையில் தப்பில்லை. கடலை மாவை நைசாகச் சலித்து, வாரம் ஒரு நாள் தேய்க்காமல் பூசிக் கழுவினால் பரவாயில்லை. எலுமிச்சை மட்டும் கூடவே கூடாது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துக் கருந்திட்டு விழும், அது மறைய மாதக்கணக்காகும். சமையலுக்கு வாங்கிய மஞ்சள் தூள் சமையலுக்கே இருக்கட்டும். இன்னொன்று: காங்கேயத்து செக்குத் தேங்காய் எண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தலையோடு நிற்க வேண்டும். அது நெற்றிக்கு வழிந்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுப் பொரிப் பொரியாக வரும்.

கேள்வி: கோபியில் ஒரு பார்லரில் லேபிள் இல்லாத சின்ன டப்பாவில் நைட் கிரீம் 350 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரே வாரத்தில் எண்ணெயும் குறைந்தது, முகமும் பளிச்சென்று ஆனது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது, பரு கொத்துக் கொத்தாக வருகிறது. என்ன செய்வது?

பதில்: ஒரு வாரத்தில் பளிச், நிறுத்தினால் எரிச்சல் என்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றுதான் சந்தேகிக்க வேண்டும். சிவப்பழகு கிரீம் என்று விற்பவற்றில் பாதரசம் கலப்பதும் உண்டு, சட்டப்படி அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. எரிச்சல் தாங்காமல் அதையே திரும்பப் பூசிவிடாதீர்கள். டப்பாவோடு தோல் டாக்டரிடம் போங்கள். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதித் தேதி எதுவும் இல்லாமல் விற்பதே குற்றம். மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். பணத்துக்கு நுகர்வோர் உதவி எண் 1915. பில் தரவில்லை என்றால் ஜிபேயில் பணம் போன பதிவையும் வாட்ஸ்அப்பில் பேசியதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். டப்பாவில் மிச்சம் இருக்கும் கிரீமைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்ப அது வேண்டும்.