வீடு கட்ட அனுமதி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தாத்தா காலத்து ஓட்டு வீடு இருக்கிறது. மனை 15½ அடிக்கு 40 அடி. பட்டா இன்னும் தாத்தா பேரில்தான். அண்ணன் தம்பி மூன்று பேரும் சேர்ந்து கீழ்த்தளமும் முதல் மாடியும் கட்ட நினைக்கிறோம். விவரங்கள் சரியென்று உரிமையாளரே உறுதி கொடுக்கும் சுயசான்று முறையில் அனுமதி கிடைக்குமா?

அளவைப் பொறுத்தவரை தடையில்லை. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் மனை 2,500 சதுர அடிக்குள்ளும், குடியிருப்புக் கட்டடம் 3,500 சதுர அடிக்குள்ளும், கீழ்த்தளம் அல்லது அதன்மேல் ஒரு மாடி என்ற அளவிலும் இருந்தால் போதும். உங்களுடையது 620 சதுர அடிதான்.

தடை பட்டாவில் இருக்கிறது. இறந்தவர் பெயரில் உள்ள மனைக்கு அனுமதி கேட்க முடியாது. முதலில் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை வைத்துப் பட்டா மாறுதல் செய்யுங்கள். வாரிசுச் சான்றில் அத்தைகள் பெயரும் இருந்தால் அவர்களிடம் விடுதலைப் பத்திரம் (தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்கிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும். "அத்தை ஒன்றும் சொல்ல மாட்டார்" என்ற நம்பிக்கையில் இதைத் தள்ளிப்போட்ட வீடுகள்தான் பாதிக் கட்டுமானத்தில் தடையுத்தரவு வாங்கி நிற்கின்றன.

அடுத்தது அளவு. பழைய பத்திரத்தில் ஓர் அளவு, டவுன் சர்வே பதிவேட்டில் ஓர் அளவு, டேப் பிடித்தால் இன்னோர் அளவு என்று இருப்பது வடசென்னையில் சகஜம். மூன்றில் எது குறைவோ அதை வைத்து வரைபடம் போடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர் இருந்தால் இடிப்பதற்கு முன்பே அளந்துவிடுங்கள். சுவர் யாருடையது என்ற தகராறு, இடித்த பிறகுதான் கிளம்பும்.

தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லாத் தளங்களும் சேர்ந்து மனையைப் போல் இரு மடங்கு வரை இருக்கலாம் என்பதால், கணக்குப்படி 1,240 சதுர அடி வரை போகலாம். ஆனால் அவ்வளவும் கிடைக்காது. உங்கள் தெரு 'தொடர் கட்டடப் பகுதி' (வீடுகள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கும் பகுதி) என வகைப்படுத்தப்பட்டிருந்தால் பக்கவாட்டில் இடம் விட வேண்டாம். முன்புறம் ஒன்றரை மீட்டர், அதாவது ஏறத்தாழ 5 அடி விட்டால், தளத்துக்கு சுமார் 540 சதுர அடி வரும். அந்த வகைப்பாடு இல்லாமல் பக்கவாட்டில் ஒரு மீட்டர் விட நேர்ந்தால் அகலம் 12 அடிக்குச் சுருங்கிவிடும், மாடிப்படி வைப்பதே சிரமம். எனவே வரைபடம் போடுவதற்கு முன் உங்கள் சர்வே எண்ணுக்கு எந்த வகைப்பாடு என்று மண்டல அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். மனையிலிருந்து 30 மீட்டருக்குள் ரயில்வே எல்லை வந்தால் ரயில்வேயின் தடையின்மைச் சான்றும் வேண்டும். கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விண்ணப்பத்தில் உங்கள் செல்போன் எண்ணையே கொடுங்கள், சர்வேயருடையதை அல்ல. கள ஆய்வு இல்லாமலே கியூஆர் குறியீட்டுடன் அனுமதி வந்துவிடும். ஆனால் சொன்னது தவறென்று பின்னால் தெரிந்தால் அதே வேகத்தில் ரத்தாகும்.

மணலி அருகே 2014-ல் 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று சொல்லி விற்ற மனையை வாங்கினேன். இப்போது வீடு கட்டலாமா?

மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் பஞ்சாயத்துக்குக் கிடையாது. அந்த முத்திரைக்கு மதிப்பில்லை. 2011-ல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் இப்படி ஏராளமான மனைகள் உள்ளன. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே உங்கள் பத்திரம் பதிவாகியிருப்பதால், ஒப்புதலில்லாத மனைகளை முறைப்படுத்தும் 2017-ன் வரன்முறைத் திட்ட விதிகளுக்குள் வருகிறீர்கள். முதலில் மனைப்பிரிவு முழுவதற்கும் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) கொள்கையளவு ஒப்புதல் தந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் கட்டணம் செலுத்தி உங்கள் மனைக்குத் தனி ஆணை வாங்கலாம். ஆணை கையில் வந்த பிறகே கட்டட அனுமதி. காலிமனை வரி பாக்கியையும் அப்போதே தீர்த்துவிடுங்கள்.

திருவொற்றியூரில் எங்கள் மனைக்கும் கடலுக்கும் நடுவில் ரோடும் கல் தடுப்பும் இருக்கின்றன. கடலோரச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமா?

பொருந்தலாம். தூரத்தை அலை தெரியும் இடத்திலிருந்து அளப்பதில்லை. அங்கீகரிக்கப்பட்ட கடலோர வரைபடத்தில் உள்ள உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் ஏறும்போது நீர் எட்டும் கோடு) 500 மீட்டர் என்பதே கணக்கு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை அரித்துக்கொண்டே வந்திருப்பதால் கண்பார்வைக் கணக்கு உதவாது. ரோட்டுக்கு நிலப்பக்கம் இருப்பது உங்களுக்குச் சாதகம். நகரப் பகுதிகளில், ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்புறத்தில் கட்ட வழியிருக்கிறது. ஆனாலும் கடலோர ஒப்புதல் முதலில், சுயசான்று பிறகு. மனை கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறையின் அனுமதி இல்லாமல் எதுவும் நகராது.

அனுமதி வாங்கியது ஒரு மாடிக்கு. ஓட்டத்தோடு இரண்டாவது மாடியையும் போட்டுவிடலாமா?

கூடாது. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ஆம் பிரிவுகளில் பூட்டி முத்திரையிடவும் இடிக்கவும் அதிகாரம் உண்டு. வங்கிக் கடன் இருந்தால் மதிப்பீட்டாளர் மாடியை எண்ணிப் பார்த்து அடுத்த தவணையை நிறுத்திவிடுவார். இரண்டு மாடி வேண்டுமென்றால் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே வழக்கமான முறையில் விண்ணப்பியுங்கள். தூண்களின் அளவும் கம்பியும் அதற்கேற்ப மாறும்.